நாலு ஜிபிக்கு மேல் ஏறாத மத்தியானம்

ஓகஸ்ட் 8, வியாழன்

இன்றும் லக்சிகா அசையாமல் நின்றுவிட்டாள். எட்டு விநாடி? பத்து? நான் ஃபோனை எடுத்து வருவதற்குள் திரும்பி, "அம்மா, தண்ணி" என்றாள். இரண்டு வயதுப் பிள்ளை எங்கே போய்விட்டு வருகிறாள்?

கிளினிக்கில் டொக்டர் சொன்னதே காதில் நிற்கிறது: "வலிப்பிலயும் ஒரு வகை இப்பிடி வரும். கண்ணால காணாமல் சொல்ல ஏலாது. வீடியோ எடுத்துக்கொண்டு வாங்கோ."

ஓகஸ்ட் 10, சனி

லக்சிகாவின் அப்பா கிருசாந்தன் உப்பளத்தில் லீவு போட்டார். எங்கள் கல்யாணத்தைப் படம்பிடித்த றுமைஸ் நானாவிடம் கமெரா இரவல் வாங்கி, அலுமாரிக்கு மேலே வைத்து, பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை ஓடவிட்டோம்.

குசினியில் சமைத்தபடி மாமி, கிருசாந்தனின் தாய்: "பிள்ளையைப் பாக்கத் தாய் காணாதெண்டு இப்ப பெட்டியும் வைச்சிருக்கினம்."

ஒன்று நாற்பதுக்கு வந்தது. நான் கண்டேன். கமெராவும் கண்டது.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

ஒரே வீடியோ, ஆறரை ஜிபி. பென் டிரைவில் ஏறவில்லை. ஃபைல் பெரிதாம், திரையில் ஒரு வரி வருகிறது. லாப்டொப்பைக் கொண்டுபோகலாமென்றால் திரையின் மூட்டு உடைந்து கிடக்கிறது, பஸ்ஸில் தாங்காது.

இடம் போதவில்லை என்று நினைத்து, பென்னில் இருந்த பல்கலைக்கழகக் குறிப்புகள் முழுவதையும் அழித்தேன். மூன்று வருடப் புவியியல். முப்பத்திரண்டு ஜிபியும் வெறுமை. மறுபடியும் அதே வரி.

இவ்வளவு இடம் கிடக்கு. ஏன் என்ர பிள்ளை மட்டும் உள்ள போறாள் இல்லை?

ஓகஸ்ட் 12, திங்கள்

றுமைஸ் நானாவுக்கு அழைத்து, குறிப்புகளை அழித்ததையும் சொன்னேன். சிரித்தார்.

"இடம் இல்லாததில்லை தங்கச்சி. அந்தப் பென் பழைய ஃபாட்32 போர்மட். எவ்வளவு இடம் கிடந்தாலும் ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல ஏறாது. முதலே கேட்டிருந்தா உங்கட நோட்ஸ் தப்பியிருக்கும்."

"போர்மட்டை மாத்தினால்?"

"எக்ஸ்ஃபாட் போட்டா ஏறும். ஆனா கிளினிக் கம்பியூட்டர் பழசெண்டா திறக்காது. ரெண்டா வெட்டுங்கோ."

நாளைக்குக் கிளினிக். இரண்டு மணித்தியாலம் இருந்து பார்க்க டொக்டருக்கு ஏது நேரம்? அந்தப் பன்னிரண்டு விநாடியை மட்டும் வெட்டி எடுத்தேன். உடனே ஏறியது.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

டொக்டர் மூன்று தரம் பார்த்தா. "இதுக்கு முதல் என்ன செய்துகொண்டிருந்தவா? எப்பிடித் திரும்பினவா? முன்னும் பின்னும் இல்லாமல் நான் என்னத்தைச் சொல்ல?"

அடுத்த செவ்வாய் வரட்டாம். இன்னும் ஏழு நாள். வெட்டினது நான்தானே.

ஓகஸ்ட் 16, வெள்ளி

இரண்டாக வெட்ட வேண்டும். எங்கே? அவள் நிற்கிற இடத்தில் வெட்டு விழுந்துவிட்டால்? முழுவதையும் போட்டுப் பார்த்தேன்.

சத்தத்தைக் குறைத்ததும் யாரோ ஒருவருடைய கனவுக்குள் இருப்பதுபோல் இருந்தது. லக்சிகா போத்தல் மூடிகளை வரிசையாக வைக்கிறாள். கலைக்கிறாள். பொம்மைக்குச் சோறு தீத்துகிறாள். நெடுநேரம் ஒன்றுமில்லை, காற்றாடியில் அசையும் தலைமயிர் மட்டும். இடையிடையே ஒருத்தி வருகிறாள், எதையோ எடுக்கிறாள், போகிறாள். அது நான். ஒருதரமும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

ஒன்று முப்பத்தெட்டு. மாமி வாசலில் ஒரு வாளி தண்ணீரை வைக்கிறா. வெயில் அதில் பட்டுச் சுவரில் நெளிகிறது. லக்சிகா எழும்புகிறாள். அவளுடைய கண்கள் நிலைத்து நிற்கவில்லை! மிக மெல்ல, அந்த வெளிச்சத்தோடு போகின்றன. வெட்டிய துண்டிலும் இது இருந்திருக்கும். நான் அதில் வலிப்பை மட்டும்தான் தேடியிருக்கிறேன்.

பிறகு மாமியின் குரல், "குஞ்சு!" உடனே திரும்புகிறாள். அந்த நேரம் நான், கமெரா ஓடுவதையும் மறந்து, மேசையில் ஃபோனைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

எல்லா முறையும் இப்படித்தானா? தெரியாது. வீடியோவின் முதல் மணித்தியாலம் முடிகிற இடத்தில் வெட்டினேன்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டு துண்டும் திறந்தன. டொக்டர் ஓட்டி ஓட்டி இருபது நிமிடம் பார்த்தா. லக்சிகாவோடும் விளையாடிப் பார்த்தா.

"கூப்பிட்டவுடன திரும்புறா. வலிப்பெண்டா இப்பிடித் திரும்பமாட்டா. மருந்து வேண்டாம். ஆறு மாசத்தில காட்டுங்கோ. கூப்பிட்டும் திரும்பாட்டி உடனே வாங்கோ."

பஸ்ஸில் நித்திரையாகிப்போனேன். எங்கள் ஊர் உடையார்கட்டில் கொண்டக்டர் எழுப்பினார்.

ஓகஸ்ட் 24, சனி

மத்தியானம் மறுபடியும் நின்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடாமல் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அம்மா, அங்க" என்றாள், திரும்பாமலே.