முதுகுப் படங்கள்

டிசம்பர் 21
செண்டாயானில் என்னோடு வேலை செய்யும் தொழிற்சாலைத் தோழிகளோடு தாய்லாந்துக்கு, ஹாட்யாய் பஸ்ஸில். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு முதல் கேமரா. அவர்கள் துணி வாங்கப் போகிறார்கள். நான் புத்த பிக்குகளைப் படமெடுக்க. 'எடுக்கட்டுமா' என்று கேட்கக்கூட வாய் வராதவளுக்கு ஏற்ற வேலைதான்.

டிசம்பர் 22
விடியலில் பிச்சைப் பாத்திரத்தோடு வரிசையாக வந்தார்கள். கடந்து போகவிட்டு எடுத்தேன். எல்லாம் முதுகு. கலை என்று சொல்லிக்கொள்ளலாம்.
"ச்சே, ஆடிருச்சு" என்று முணுமுணுத்தேன். ஒரு முதுகு திரும்பியது.
"முதுகையே எடுக்கிறியே தங்கச்சி, எங்களுக்கு மூஞ்சியும் இருக்குலா."
எங்கள் ஊர் லுக்குட் பக்கத்துத் தமிழ்! ஊர் விசாரித்தால், எங்கள் தோட்ட லயத்துக் கோடி வீட்டு மயிலம்மாள் அத்தையின் மகன் குணாளன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஊரைவிட்டுப் போனவர்.
"அம்மாகிட்ட சொல்லிறாத. இங்க ஹோட்டல்ல வேலைன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. ஒரே மவன், தாங்க மாட்டாங்க."
சத்தியம் செய்யக் கையை நீட்டினேன். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. படித்தவள் நான்!
சிரித்துவிட்டார். அப்படியே எடுத்தேன்.

டிசம்பர் 24
வீடு. அந்தப் படத்தை அழிக்க வேண்டும். ஒழுங்காக வந்தது அது ஒன்றுதான். நாளைக்கு.

ஜனவரி 5
நாளைக்கு நாளைக்கு என்றே போய்விட்டது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா கேமராவை, வீட்டுக்கு வந்த மயிலம்மாள் அத்தையிடம் கொடுத்திருக்கிறாள். ஐயோ, இப்ப என்ன செய்யறது? வாக்குக் கொடுத்தேனே —
அத்தை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.
"மொட்ட போட்டுட்டான்! பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டத நானே மறந்துட்டேன், எம்புள்ள மறக்கல. காவியும் கட்டியிருக்கான் பாரு."
"ஹாட்யாய்லயும் முருகன் கோயிலு இருக்காடி?" அம்மா என்னிடம்.
"இருக்கும்" என்றேன். இதற்குத்தான் பல்கலைக்கழகம் போனேன்.

பிப்ரவரி 11, தைப்பூசம்
அத்தை வீட்டுச் சாமி மேடையில், முருகனுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட பிரேமுக்குள் குணாளன். அத்தை வருகிறவர்களிடமெல்லாம் "இவதான் எடுத்தா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
எல்லாரும் போன பிறகு உற்றுப் பார்த்தேன். கையிலிருந்த பிச்சைப் பாத்திரத்தைக் காணோம்.
"கடைக்காரன்கிட்ட நாந்தான் வெட்டச் சொன்னேன். சனங்க கேக்கும்லா." அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. திரியைத் தூண்டிவிட்டார்.
"மறுபடி அவனப் பாத்தா, முடி வளந்ததும் வரச் சொல்லும்மா."
பிக்குகள் மாதாமாதம் தலையை மழித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.
"அவருக்கு மெதுவாத்தான் வளரும், அத்த."
"வளரட்டும்" என்றார். "அவசரமில்ல."