செம்பில் வந்த தண்ணீர், தண்ணீரில் வந்த செம்பு

என் அருமை மச்சான் இராசநாயகம்,

நீ போய் ஒரு மாதந்தான் ஆகிறது, அதற்குள் இங்கே உன்னால் ஒரு வில்லங்கம். கண்டாவளைச் செல்லம்மாக்காவின் கிணறு நினைவிருக்கிறதா?

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கிளிநொச்சியில் நம் இருவருக்கும் ஓர் அறை தந்திருந்த காலம். "தண்ணீரில் செம்பு பார்க்கப்படும்" என்று நீதான் அறிவித்தல் எழுதி ஒட்டினாய். அக்கா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதை, அடியில் திருகு வைத்த கண்ணாடிப் பிரிபுனலில் ஊற்றி, உன் பச்சைக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கினாய். அது தண்ணீரோடு கலக்காது. கண்ணுக்குத் தெரியாத செம்பு இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு, நிறம் மாறி அடியில் இறங்கும். இறங்கியது, கத்தரிப்பூ நிறத்தில். அன்றே கிணற்றடியில் "குடிக்க வேண்டாம்" என்று பலகை நட்டாய். காடு வெட்டிக் குடியேறிய அந்தக் குடும்பத்துக்கு வேறு கிணறு இல்லை.

மறுநாள் அக்கா வந்தார்.

"தம்பி, செம்பு பாக்கிறதெண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்? பெரியாக்கள் பாக்கிற செம்பெண்டு புளி போட்டு நல்லா மினுக்கியெல்லோ கொண்டுவந்தனான்."

புளி செம்பைக் கரைக்கும் என்பது உனக்குத் தெரியாததா? நான் சிரித்த சிரிப்புக்கு நீ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பிறகு அமிலத்தில் கழுவிய கண்ணாடிப் போத்தலோடு போய்த் தண்ணீர் எடுத்துவந்து குலுக்கினாய். பச்சை பச்சையாகவே நின்றது. பலகையைப் பிடுங்கினாய். ஆனால், "சும்மாவோ பலகை நடுவினம்?" என்று சனம் நம்பவில்லை. நீ ஒரு வாளி அள்ளி, எல்லோர் முன்னும் வயிறு முட்டக் குடித்தாய்.

"பிழை என்ரை. தண்ணி நல்ல தண்ணி."

உன் வாயால் "பிழை என்ரை" என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அது நடந்து ஆறு வருடம். இப்போது நீ நெஞ்சடைத்துப் போனதும் ஊர்க்கதை என்ன தெரியுமா? "அந்தத் தண்ணி குடிச்ச மனுசனெல்லோ." ஒருவரும் வாளியைத் தொடுவதில்லை. உன் செத்தவீட்டில் அக்கா குழறி அழுதது பாதி உனக்கு, பாதி கிணற்றுக்கு என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கக் கூடாதா, மச்சான்? நீ இல்லாமல் யாரோடு நான் சண்டை பிடிக்க?

நாளைக் காலை சைக்கிளில் போகிறேன். சோதனை முடிவு எழுதிய தாளை அங்கே யாரும் நம்பமாட்டார்கள். எல்லோர் முன்னும் நானும் ஒரு வாளி குடிக்கப்போகிறேன். குடித்தபின் அந்தக் கிணற்றின் பெயர் கெடக்கூடாது என்பதற்காகவே தொண்ணூறு வயதுவரை உயிரோடிருப்பேன். உன்னிடம் வரச் சுணங்கும், கோபிக்காதே.

உன் தங்கையைக் கட்டிய பாவி,
மச்சான் சிவகுரு