பிரேக்குக்கு எலுமிச்சம்பழம்

2003 ஆகஸ்ட் 12, பதுளை

மடுல்சீமைத் தோட்டத்து ராமையா வாங்கிய பழைய வேனுக்கு இறக்கத்தில் பிரேக் பிடிப்பதில்லை. இன்று அதை பதுளையில் விற்ற முதலாளியிடம் நியாயம் கேட்க, படித்தவன் என்று என்னையும் கூட்டிப்போனார்.

முதலாளி வேனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “எடுத்துட்டுப் போறப்ப நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் நசுக்குனீங்களா?”

ராமையா தலைகுனிந்தார். “ஒன்னு உருண்டு ஓடிருச்சுங்க.”

“சாமிய ஏமாத்திட்டு என்கிட்ட சண்டைக்கு வர்றீங்களே!”

உடனே பழம் வரவழைத்தான். கற்பூரம் கொளுத்தி, வேனை அதன்மேல் ஏற்றச் சொன்னான்.

“கராஜுக்குப் போவோம், ராமையா” என்றேன்.

“சாமி காரியத்துல குறுக்க வராதீங்க சார்.”

பழத்தை நசுக்கிவிட்டு அவர் வேனோடு தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். போகுமுன் முதலாளி எனக்கும் திருநீறு பூசினான். முகம் கழுவியும் அருவருப்புப் போகவில்லை.

நாளைக் காலையிலும் அந்த வேனில்தான் தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். அதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து மடுல்சீமைக்குப் போய்த் தடுக்கவேண்டும். ராமையா சாவியைத் தருவாரோ என்னவோ.