முழங்கால் உயர வேலி

உன் வேனின் பின்சீட்டு இடுக்கில் இன்று கையை விட்டேன். கடல் மணலோடு ஒரு முறுக்குத் துண்டும் வந்தது. முகர்ந்தால் ஓமம். நம் அபார்ட்மென்டில் எல்லோரும் எள் போட, நீ ஒருத்திதான் ஓமம் போடுவாய்.

நம் ஊர் சுகர் லேண்டிலிருந்து கால்வெஸ்டன் தீவுக்குக் காலையில் கிளம்பினால் காபி நேரத்துக்குள் போய்விடலாம். உன்னோடு போனால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். சாலையோரம் வரலாற்றுப் பலகை எது தெரிந்தாலும் வண்டியை ஓரங்கட்டி, இடுப்பில் கை வைத்துக் கடைசி வரி வரை படிப்பாய். நான் புளியோதரைக்குக் காவல் இருந்தபடி பல்லைக் கடிப்பேன். தீவிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் ஃபெரி படகிலும் நீ சும்மா இருந்ததில்லை. கடற்பறவைகளுக்கு முறுக்கை வீசிவிட்டு, "ஓமம் பிடிக்குதா பாரு" என்று என்னையும் பார்க்க வைப்பாய்.

அந்தக் கடைசிப் பயணத்தில்தான் பழைய தெருவில் அந்த வீட்டைப் பார்த்தோம். நல்ல உயரமான மரவீடு. முன்னால் பூவேலை செய்த இரும்பு வேலி, ஆனால் நம் முழங்கால் அளவுதான். "இத யாரு வேணா தாண்டிடலாமே, எதுக்குடி வேலி?" என்றாய். நான் போனை எடுத்தேன். "கூகுள் பண்ணாத. யாரையாச்சும் கேப்போம்" என்று தடுத்தாய். பெல் அடித்தோம், ஆள் இல்லை. "அடுத்த தடவை" என்றாய்.

அடுத்த கோடைக்கு நீ இல்லை. நான் அந்த விடையைத் தேடிப் பார்க்கவே இல்லை. நமக்குள் முடியாமல் நின்ற பேச்சு அது ஒன்றுதான். விடை தெரிந்தால் அதுவும் முடிந்துவிடும் என்று பயந்தேன்.

போன சனிக்கிழமை உன் மகள் இந்த வேனில் என்னைத் தீவுக்குக் கூட்டிப் போனாள். இப்போது அவள்தான் இதை ஓட்டுகிறாள். வேலிக் கதையை வழியில் சொன்னேன். தெரு பெயர் மறந்துபோய் நான் போனை எடுத்ததும், "நோ கூகுள், ஆன்ட்டி. அம்மா ரூல்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுற்றிச் சுற்றிக் கண்டுபிடித்தோம். இந்த முறை அந்த வீட்டுக்காரர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நூறு வருடத்துக்கும் முன்பு ஒரு பெரும்புயலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். மறுபடி வராமலிருக்க வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைக் கொட்டி, ஊரையே உயர்த்தினார்களாம். வீடு மேலே வந்தது, வேலி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மிச்ச வேலி மண்ணுக்குள் இருக்கிறது என்று எங்கள் காலடியைக் காட்டினார்.

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்று நான் திரும்பினேன். உன் மகள் நகரவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள், நீயேதான். "வெயிட். கீழ தோட்டம் இருந்திருக்கும்ல? வாட் வாஸ் க்ரோயிங் தேர்?" என்றாள். அவர் குழாயை மூடிவிட்டு யோசித்தார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை, தனக்கும் தெரியாது என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சண்டைதான். அவள் ரோஜா என்கிறாள், நான் அவரைக்காய்ப் பந்தல் என்கிறேன். இரண்டு பேருமே கூகுள் பண்ணவில்லை. நீ என்ன சொல்வாய்?