தொட்டியில் தண்ணீர் இல்லாத வியாழன்

மார்ச் 12, வியாழன்

சபையின் ஞானஸ்நானத் தொட்டியில் விரிசல் அடைத்த வேலை முடிந்தது. பூச்சு நேற்றே காய்ந்துவிட்டது. ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் இதையும் பார்ப்பது என் தலையெழுத்து.

மத்தியானம் கதவைப் பூட்டும்போது அக்கா புருஷன் வந்து நின்றார். அத்தான்! முப்பது வருஷமாக அக்காவை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். "முங்கி எழுந்தா மோட்சம்னா மீனெல்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணுமே மாப்பிள்ளை" என்று என்னை ஓட்டுகிறவர். கையில் ஒரு துணிப்பை. "எனக்கு ஞானஸ்நானம் வேணும். இன்னைக்கே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பசி வேறு. தொட்டி நிறைய நாலு மணி நேரம் ஆகும், யார் காவல் உட்காருவது? "பூச்சு இன்னும் காயல அத்தான். ஞாயித்துக்கிழமை வாங்க, மீனோட மீனா முக்கிடுறோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரி. உங்க அக்காகிட்ட சொல்லிடாத. நான் தண்ணிக்குள்ள இறங்குறப்ப அவளே பார்க்கட்டும்" என்றார்.

பாஸ்டர் மாடியில்தான் இருந்தார். நான் கூப்பிடவில்லை.

மார்ச் 14, சனி

அத்தான் போய்விட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே. மாரடைப்பு என்கிறார்கள்.

போன் வந்தபோது நான் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழங்கால் அளவு ஏறியிருந்தது.

மார்ச் 16, திங்கள்

நேற்று அடக்கம். ஞானஸ்நானம் எடுத்தவர் என்றால் பாஸ்டர் குழியருகே "மறுபடியும் சந்திப்போம்" என்பார். எடுக்காதவருக்குச் சொல்லமாட்டார். நேற்றும் சொல்லவில்லை. அக்கா அழக்கூட இல்லை. அந்த வார்த்தை வருமா என்று பாஸ்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கல்லு மாதிரி.

மார்ச் 19

இன்றும் அக்காவிடம் சொல்லவில்லை. கோழைப்பயல்.

மார்ச் 23, திங்கள்

ஒரு வீட்டில் மேல்தொட்டிக் குழாய் மாற்றினேன். திறந்ததும் தண்ணீருக்கு முன்னால் காற்று இருமியது. அத்தான் பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுவாரே, அச்சு அசல் அதேதான். ஸ்பானரைக் கீழே போட்டேன். பட்டப்பகலில்! வீட்டுக்காரம்மா, "ஷாக் அடிச்சிடுச்சா?" என்று ஓடி வந்தார்கள். குழாயில் எங்கே ஷாக் அடிக்கும்? அடித்தது.

சபைக்குப் போனால் தொட்டிப் படிக்கட்டில் பையோடு நிற்கிறார். கோபமாகக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதா என்று கேட்கிற முகம்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா அந்தப் பையை அத்தான் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து எடுத்து என் முன்னால் கொட்டினாள். மாற்றுச் சட்டை, பேன்ட், துண்டு.

"யார் வீட்டுக்குடா கிளம்பினார்? ஜெபம் ஜெபம்னு நச்சரிச்சே அவரை வெறுக்க வச்சிட்டேன். என்னை விட்டுட்டுப் போக இருந்திருக்கார்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம்ல? "டீ போடவா அக்கா"ன்னு கேட்டேன். டீ! நான்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 28, சனி

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "தண்ணியில இறங்காம இரட்சிப்பு இல்லன்னு இருபது வருஷமா பிரசங்கம் பண்ணீங்களே. வால்வைத் திறக்கிறவன் நான், நம்பிட்டேன். இப்ப அவர் எங்க இருக்கார்? சொல்லுங்க" என்று கத்திவிட்டேன்.

"அது வரமாட்டேன்னு நிக்கிறவங்களுக்குச் சொன்னது, தம்பி. வந்து நிக்கிறவருக்கு என்னன்னு நான் யோசிச்சதே இல்ல" என்றார். பிறகு, "ஆனா அவர் வந்தாருங்கிறது உனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் நீ பூட்டி வச்சிருக்க."

எனக்குத் தெரியாதா? சொன்னால் அக்காவுக்கு அவர் கிடைப்பார், நான் இருக்கமாட்டேன். அவ்வளவுதான் கணக்கு.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தது, கேட்டது, "அவளே பார்க்கட்டும்" என்றது. அதைக் கேட்டதும் துடைப்பதை நிறுத்திவிட்டாள். முகத்தில் என்னென்னவோ வந்து போனது. பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பூச்சு காய்ஞ்சிருந்துச்சா?"

"காய்ஞ்சிருந்துச்சு."

"எழுந்து போடா."

ஏப்ரல் 6

போன் எடுக்கமாட்டேன் என்கிறாள். சபையில் அந்தப் பக்க வரிசைக்கு மாறிவிட்டாள்.

ஏப்ரல் 18, சனி

அக்கா மகள் வந்தாள். "உங்க பேரை எடுத்தாலே அம்மா எழுந்து போயிடுறாங்க மாமா. ஆனா இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

கல்லறைக் கல்லில் வெட்டவேண்டியது. அக்காவின் கையெழுத்து. மேலே அத்தான் பெயர், பிறந்த தேதி. கடைசியில் இறந்த தேதி. நடுவில் "கர்த்தரிடத்தில் வந்தது" என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டிருந்தாள்.

"பாஸ்டர் பார்த்தாரா?"

"பார்த்துட்டார். சரின்னுட்டார். இந்தத் தேதியை மட்டும் உங்க கையால எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா."

மார்ச் 12 என்று எழுதிக் கொடுத்தேன்.