மாதுளம்பழத் தோல் கேட்டவள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் இல்லாமல் என் குட்டி தூங்குவதற்கு அடம்பிடிக்கிறாளா? நான் இங்கே சௌக்கியம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆராய்ச்சிக்காகத் தினமும் பழச்சாற்றுக் கடையில் மாதுளம்பழத் தோலைக் கேட்டு வாங்கி, பையில் அள்ளிக்கொண்டு போவேன். நேற்று கடைக்காரர் ஒரு பெரிய டம்ளர் சாற்றை நீட்டினார்.

“காசு வேண்டாம், முதல்ல இதைக் குடிம்மா. தோலைத் தின்னு வயித்தை ரொப்பாதே.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐயா, தோல்ல துவர்ப்பா ஒரு சத்து இருக்கு. எண்ணெயில சேர்த்தா சிக்கு வாடை அடிக்காம காக்கும். அதைத்தான் பிரிச்செடுக்கிறேன்” என்றேன்.

“சரி, இருந்தாலும் குடி. ஊர்ல உன்னை நினைச்சு யாராச்சும் கவலைப்படுவாங்கல்ல?”

டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் தோல் பையைத் தூக்கினேன்.

இன்னொரு நல்ல சேதி. இதுவரை அந்தச் சத்தை மெத்தனால் என்ற ரசாயனத்தில் ஊறவைத்துத்தான் எடுத்தோம். அந்த நெடியில்தான் எனக்குத் தலைவலி வந்துகொண்டிருந்தது. இன்று வெறும் வெந்நீரில் தோலைப் போட்டு ஒலி அலையால் அதிரவைத்தேன். கிட்டத்தட்ட அதே அளவு இறங்கிவிட்டது! “இனிமே தண்ணியே போதும். இப்படியே போனா சீக்கிரம் ஊருக்குப் போயிடலாம்” என்றார் என் ஆராய்ச்சியை வழிநடத்தும் மேடம். தலைவலி மாத்திரையையும் நிறுத்திவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

உங்கள் பிள்ளை பார்சல் அனுப்பும்போது கம்பளிச் சாக்ஸ் வைக்கச் சொல்லுங்கள். கூடவே குட்டி போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும். துவைக்க வேண்டாம், அத்தை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மருமகள்