விருந்தாளியாக மூன்று நாள்

கோயம்புத்தூர்
03.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். சுகமாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் பாதியில் சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

வங்கி வேலையை விட்டுவிட்டு, என்னையும் இங்கே விட்டுவிட்டு நீங்கள் உண்டாக்கிய தோட்டத்தை மூன்று வருடம் கழித்து இந்தக் கிறிஸ்துமஸ் லீவில்தான் பார்க்க வந்தேன். வாசலிலேயே, "ரூம் ரெடியா இருக்கு" என்றீர்கள். விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் அறை! வெள்ளை விரிப்பு, மடித்த துண்டு, சின்ன சோப்பு. காலையில் தங்க வந்திருந்த மதுரைக் குடும்பத்தோடு உட்கார வைத்து, அவர்களைக் கேட்ட அதே குரலில், "இட்லியா, தோசையா?" என்று என்னையும் கேட்டீர்கள். அந்த அம்மா, "நீங்க எந்த ஊரு?" என்றபோது, "கோயம்புத்தூர்" என்றேன். சட்னி வாளியோடு நின்ற நீங்கள் வாயே திறக்கவில்லை.

நான் உங்களுக்கு யார்? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பசு கன்று போட்டபோது மட்டும், "ஜெமி, இங்கன பிடி!" என்று கத்தினீர்கள். அப்போதுதான் நம் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

ஜெமிமா

விக்கிரமசிங்கபுரம்
11.01.2025

அன்புள்ள ஜெமிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோபமா, வருத்தமா என்று பிடிபடவில்லை.

"மூணு நாள் தங்க இடம் இருக்குமா?" என்றுதானே செய்தி அனுப்பியிருந்தாய்? என் அறைக்கு வா என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இருப்பதில் நல்ல அறையை, வாழைத்தோப்பைப் பார்த்த ஜன்னல் உள்ளதை, உனக்கு ஒதுக்கினேன். அந்த அம்மாவிடம், "இவரு என் வீட்டுக்காரரு" என்று நீ சொல்லுவாய் என்றுதான் நின்றேன். நீ ஊர்ப் பெயரைச் சொன்னாய்.

நீ போனபின் தோட்ட வேலைக்கு வரும் சுடலைராஜ் கேட்டார்: "அண்ணாச்சி, அந்த அக்கா யாரு? கன்னுக்குட்டியத் தொடைக்கையில அழுதாவளே."

"என் வீட்டுக்காரி."

"பொறவு எதுக்கு பஸ் ஏத்தி விட்டிய?"

உன்னிடம் அன்றே கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன். ஏப்ரல் லீவுக்கு வருவாயா?

தானியேல்

கோயம்புத்தூர்
17.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அழுததைப் பார்த்துவிட்டாரா? வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் வரை விட்டால் மறுபடி மனசு மாறிவிடும். குடியரசு தினத்தை ஒட்டிப் பள்ளியில் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டுத் திரும்பவா, அங்கேயே இருக்கவா, எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமலேதான் வருகிறேன்.

25-ம் தேதி சனிக்கிழமை காலை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இறங்குவேன். ஆட்டோ எதுவும் அனுப்ப வேண்டாம். அவ்வளவு தூரம் பைக்கில் போக வேண்டியிருந்தாலும் சரி, நீங்களே வாருங்கள்.

உங்கள் ஜெமி